புக்கு மேஸ்திரி வெட்டிய குளம்

தர்மபுரி ஜில்லாவிலேயே ஒரு எழுத்தும் படிக்காமல் அதிகப் புத்தகம் வாங்கிய ஆள் புக்கு மேஸ்திரிதான். மறுத்து யாராவது கடிதம் போட்டால் கிழித்துப் போடுவேன்.

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும்போதெல்லாம் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கி வருவார். எல்லாம் இங்கிலீஷ். வெளிநாட்டு வீடு, தோட்டம், தெரு என்று பக்கத்துக்குப் பக்கம் வழவழ போட்டோ. ஒவ்வொன்றும் ஹாலோ பிளாக் கனம். மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்கித் தலைச்சுமையாகக் கொண்டு போவார். ஆயுத பூஜையில் கரணைக்கும் ரசமட்டத்துக்கும் வைக்கிற சந்தனப் பொட்டு அந்த அட்டைகளுக்கும் உண்டு. நாம் தொட வேண்டுமென்றால் முதலில் கை கழுவ வேண்டும்.

பார்த்ததோடு நின்றால் பரவாயில்லை. பார்த்துக் கட்டுவார். போட்டோவில் நிற்கிற ஆள் ஐந்தரை அடி என்று வைத்துக்கொண்டு, தீக்குச்சியால் கதவு சன்னலை அளப்பார். பக்கத்து ஊர் விவசாயி ஒருவருக்கு இப்படி அளந்து வைத்த வாசல் பன்னிரண்டு அடி. படத்தில் கதவோரம் நின்றது சின்னப் பிள்ளை.

"யோவ், இது வூடா, தேர் நிறுத்தற கொட்டாயா?" என்று குதித்தார் விவசாயி.

"தொப்பி போட்டு முதுகக் காட்டி நின்னா பெரிய ஆளா, புள்ளையான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

இத்தனையும் தெரிந்துதான் என் வீட்டை அவரிடம் கொடுத்தேன். அவர் எழுப்பிய சுவர் ஒரு நூல் சாய்ந்ததில்லை. ஆனால் கறாராகச் சொன்னேன்: "புக்கு என் மனைக்குள்ள வரக்கூடாது." வரவில்லை. அடுத்தவன் வேலியில் சாக்கில் சுற்றித் தொங்கியது.

வீடு முடிகிற சமயம் மூன்று நாள் சேலம் போய்த் திரும்பினேன். வாசலுக்கு எதிரே பெரிய குழி, இடுப்பளவு. அடியில் களிமண் போட்டு மிதித்திருந்தார் மேஸ்திரி.

"என்னய்யா இது?"

"குளங்க. வூடு தண்ணியில தலைகீழாத் தெரியணும். புக்குல அப்படித்தான் இருக்குது."

"குடிக்கற தண்ணியே லாரியில வருது. இதுக்கு எவன்யா ஊத்துவான்?"

"மழை ஊத்துங்க."

கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் குழியைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார்கள். பந்தியில் என் மச்சினன் சத்தமாகக் கேட்டான்: "மாமா, ஒகேனக்கல்ல ஒரு பரிசல் சொல்லி வெக்கட்டுங்களா?"

இலைக்கு இலை சிரிப்பு. மேஸ்திரியைத் தனியே இழுத்துப் போய், திங்கட்கிழமை டிராக்டரில் மண் வருகிறது, குழி மூடப்படும் என்றேன். அவர் சண்டை போடவில்லை.

"இத்தன வருசமா படத்தப் பாத்துக் கட்டறேங்க. ஒண்ணுகூட படமாட்டம் வரல. இதுல தண்ணி மட்டுந்தான் பாக்கி. ஒரு மழைக்குப் பொறுங்க."

"ஒண்ணே ஒண்ணு. அப்புறம் மண்ணுதான்" என்றேன்.

வைகாசி முதல் புரட்டாசிவரை எல்லா மாதமும் தூறலோடு போயின. குழியில் ஒரு ஆடு விழுந்தது. நானும் விழுந்தேன். ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலை முதல் பஸ்ஸில் மேஸ்திரி வந்து இறங்கினார், உரச்சாக்கில் புத்தகத்தோடு.

குளம் விளிம்புவரை நின்றது. அதற்குள் என் வெள்ளை வீடு தலைகீழாக நின்றது. அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பக்கத்தைப் பிரித்தார். படத்தையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னய்யா, வந்துருச்சா?"

தலையை ஆட்டினார். "படத்துல தண்ணி நீலமுங்க. நம்முளுது செவப்பு. பரவால்லீங்க."

அந்தக் குழி இன்னும் இருக்கிறது. மழை விட்டால் மறுநாள் புத்தகத்தோடு வந்து நின்றுவிடுகிறார். எனக்குப் பெரிய தொந்தரவு. அரிசியைக் கொஞ்சம் சேர்த்துப் போடு என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, முதல் பஸ் வந்துவிட்டதா என்று வாசலுக்குப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.