ஆதரவுக் கட்டும் எதிர்ப்புக் கட்டும்

"சார், உங்க கருத்தை ஆதரவுக் கட்டுல வைக்கிறதா, எதிர்ப்புக் கட்டுல வைக்கிறதா?"

சாவிக்காரர் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ஒரு பீரோ சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். அரம் நின்றது.

"எந்தக் கருத்து?"

"சட்டமன்றத்துலேருந்து பேசறேன். குழு ஆபீஸ் கிளார்க். பொதுக் கட்டட ஒழுங்கு மசோதாவுக்கு மக்கள் கருத்து கேட்டு பேப்பர்ல விளம்பரம் குடுத்திருந்தோமே. நீங்க எழுதியிருக்கீங்க."

எழுதியிருந்தார். எழுதாமல் இருக்க முடியவில்லை. அரசு அலுவலகங்களின் சுற்றுச்சுவரை ஒட்டிய கடைகளை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் மசோதா. பத்திரப்பதிவு அலுவலகத்தின் சுவரில் பல்லி போல ஒட்டிக்கொண்டிருந்தது சாவிக்காரரின் கடை. ஒரு தகரப் பெட்டி, ஒரு ஸ்டூல், பலகை நிறையத் தொங்கும் சாவிகள். இந்த இடம் கிடைப்பதற்கு முன் அவர் ஒரு பெரிய இரும்பு வளையத்தில் சாவிகளைக் கோத்துத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாக நடந்தவர். இப்போது வலது முழங்கால் பேச்சைக் கேட்பதில்லை. கடை போனால் மறுபடியும் நடக்க வேண்டும். நடக்கக் கால் இல்லை.

"எதிர்ப்புதாங்க. அதுல என்ன சந்தேகம்?"

"முதல் பக்கம் முழுக்கப் பாராட்டால்ல இருக்கு. 'தொலைநோக்குள்ள மசோதா'ன்னு போட்டிருக்கீங்க. ரெண்டாம் பக்கம் கடைசியிலதான் 'ஆயினும்'னு ஒண்ணு வருது."

"அது ஒரு மரியாதைக்கு. பெரிய இடத்துக்கு எழுதறோம், எடுத்த எடுப்பிலேயே சண்டை போடறதா?"

"எங்ககிட்ட ரெண்டே கட்டுதான் சார். மரியாதைக்குன்னு தனிக் கட்டு கிடையாது."

"சரி, எதிர்ப்புல வைங்க."

"வாயால சொன்னா செல்லாது. எழுத்துல தெளிவா அனுப்புங்க."

"மத்தவங்கல்லாம் எப்படித் தெளிவா எழுதியிருக்காங்க?"

கிளார்க் குரலைத் தாழ்த்தினார்.

"மத்தவங்கன்னு யாரும் இல்ல சார். இதுவரைக்கும் பொதுமக்கள்னா நீங்க ஒருத்தர்தான்."

வீட்டில் மனைவி இதைக் கேட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இத்தனை கோடிப் பேர் இருக்காங்க. பொதுமக்கள் வேலை உங்களுக்குத்தானா வந்து சேரணும்?"

"ரெண்டாவதா ஒண்ணு எழுதி அனுப்பணுமாம். என்ன எழுதறதுன்னுதான் தெரியல."

"வேண்டாம்னு எழுதுங்க. நான் எதைக் கேட்டாலும் சொல்வீங்களே, அதே வேண்டாம். அதுல யாருக்கும் சந்தேகம் வராது."

'மசோதா வேண்டாம்' என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார் சாவிக்காரர். சில நாட்களில் கிளார்க் மறுபடியும் கூப்பிட்டார். குரலில் ஒரு திருப்தி இருந்தது.

"ரொம்பத் தெளிவு சார். எதிர்ப்புக் கட்டுல வெச்சாச்சு."

"அப்பாடா. பழசைக் கிழிச்சுடுங்க."

"கிழிக்கிறதா? வந்த கருத்தைக் கிழிக்க எனக்கு அதிகாரம் இல்ல சார். அது பொதுமக்களோடது. ஆதரவுக் கட்டுல பத்திரமா இருக்கு."

"அந்தப் பொதுமக்களே நான்தானய்யா."

"அது அப்போ. இப்போ ரெண்டு கருத்து இருக்கு. மக்கள் சரிபாதியா பிளவுபட்டிருக்காங்கன்னு குழுத் தலைவருக்குக் குறிப்பு போயிடுச்சு."

அன்று இரவு மனைவி விளக்கை அணைப்பதற்கு முன் ஒன்றே ஒன்று சொன்னாள். "ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு கேள்விப்பட்டிருக்கேன். ஒரே ஆள் ரெண்டுபட்டு இப்பதான் பாக்கறேன்."

மறுநாள் காலையிலேயே அவளுடைய தம்பி கடைக்கு வந்து நின்றான். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் கூடுதல் பிரதிகள்தான் தீர்வு என்று நம்புகிறவன்.

"மாமா, ஜனநாயகம்னா எண்ணிக்கை. நீங்க ஏன் தனியா மோதறீங்க? எங்கிட்ட விடுங்க."

"மாப்ளே, இருக்கிற சிக்கல் போதும்டா."

"உங்க 'மசோதா வேண்டாம்' இருக்குல்ல, அதையே அடிச்சுக் கீழ கையெழுத்துக்கு இடம் விட்டுடறேன். என் கடைக்கு வர்றவன் ஒருத்தனையும் கையெழுத்துப் போடாம வெளிய விட மாட்டேன்."

விடவில்லை. ஒரு மூட்டை சேர்ந்தது. அனுப்பிய அடுத்த வாரம் போன் வந்தது.

"சார், மூட்டை வந்துச்சு. எல்லாத்துலயும் ஒரே வாசகம். வாசகம் ஒண்ணா இருந்தா கருத்தும் ஒண்ணுதான்னு விதி இருக்கு. அதனால உங்களோட ரெண்டாவது கருத்தோடயே சேர்த்துக் கட்டிட்டேன்."

"அப்போ கணக்கு?"

"அதேதான். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. கட்டு மட்டும் கொஞ்சம் குண்டாயிருக்கு."

மச்சினன் அசரவில்லை. "அப்போ ஆளாளுக்குச் சொந்த வார்த்தையில எழுதட்டும் மாமா. சுவரோரத்துல நீங்க மட்டுமா இருக்கீங்க?"

இல்லைதான். டீக்கடைக்காரர், ஜூஸ் கடை அக்கா, செருப்பு தைப்பவர், செல்போன் உறை விற்கும் இளைஞன், பத்திர அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் எழுத்துக்காரர். எல்லோரையும் மதியம் கூட்டி வைத்து விஷயத்தைச் சொன்னார் சாவிக்காரர். எல்லோர் முகமும் தொங்கிப்போனது. அன்றே எழுதுவதாகச் சொன்னார்கள். எழுதினார்கள். அனுப்பியும் விட்டார்கள். யாரும் யாருக்கும் காட்டவில்லை.

கிளார்க் இந்த முறை கூப்பிட்டபோது பின்னால் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"சார், உங்க ஊர்க்காரங்க அருமையா எழுதியிருக்காங்க. டீக்கடைக்காரர், கடைகளை எடுக்கக் கூடாது, ஆனா ஜூஸ் கடையோட பிரிட்ஜ் மறைக்குது, அதை மட்டும் எடுக்கணும்கிறார்."

சாவிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஜூஸ் கடை அம்மா, டீக்கடைப் புகையால பழம் கெடுது, அதை மட்டும் எடுத்தா போதும்னு எழுதியிருக்காங்க. செருப்புத் தைக்கிறவர் செல்போன் உறைக் கடையை எடுக்கச் சொல்றார். அந்தப் பையன், அரம் ராவுற சத்தத்துல போன் பேச முடியலைன்னு சாவிக் கடையை எடுக்கச் சொல்றான்."

"எல்லாரும் எதிர்ப்புதானே சார்?"

"தனித்தனியா பார்த்தா எதிர்ப்பு. கூட்டிப் பார்த்தா எல்லாக் கடையையும் எடுக்கச் சொல்றாங்க."

"எழுத்துக்காரர்?"

"ஒம்பது பக்கம் எழுதியிருக்கார். இங்க யாருக்கும் புரியல. ஆனா ரொம்ப மரியாதையா இருந்துச்சு. ஆதரவுல வெச்சுட்டேன்."

சாவிக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். கிளார்க்கே தொடர்ந்தார்.

"கவலைப்படாதீங்க. மக்கள் இவ்வளவு ஆர்வம் காட்டறாங்கன்னு தலைவருக்கு ஒரே சந்தோஷம். உங்களை நேர்ல வந்து குழு முன்னாடி பேசச் சொல்றார். தபால் வரும்."

தலைநகருக்குக் கிளம்பிய அன்று மனைவி அவருடைய ஒரே வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

"போனதும் முதல்ல வேண்டாம்னு சொல்லுங்க. வணக்கம் எல்லாம் அப்புறம். முதல் தடவை மரியாதை பார்த்துதான் இந்தக் கதிக்கு வந்திருக்கோம்."

குழு அறையில் நீள மேசை. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மைக். அதில் சிவப்பு விளக்கு எரிந்தால்தான் பேச வேண்டும் என்று ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒல்லி மனிதர் சொல்லிக் கொடுத்தார். குரலை வைத்து, இவர்தான் கிளார்க் என்று சாவிக்காரர் கண்டுபிடித்தார். அவர் முன்னால் இரண்டு கட்டுகள் இருந்தன. ஒன்று தடி, ஒன்று சன்னம்.

சாவிக்காரரின் விளக்கு சிவந்தது.

"வேண்டாம்" என்றார்.

அதே நேரத்தில் தலைவர், "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டிருந்தார். கிளார்க் குறித்துக்கொண்டார். தண்ணீர் ஜாடியை எடுத்துப் போய்விட்டார்கள்.

தொண்டை காய்ந்துபோனது. ஆனால் காய்ந்த தொண்டையோடுதான் சாவிக்காரர் தன் வாழ்நாளிலேயே நன்றாகப் பேசினார்.

"ஐயா, மத்த கடைக்காரங்க எங்க போனாலும் பொழைச்சுக்குவாங்க. டீ குடிக்கிறவன் தினமும் குடிப்பான். சாவி தினமும் தொலையாது. தொலைச்சவன் என்னைத் தேடி வரணும். நான் அவனைத் தேடிப் போக முடியாது. யார் தொலைச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? முன்னாடி கால் இருந்துச்சு, தெருத் தெருவா கேட்டுக்கிட்டே போனேன். இப்போ நான் ஒரே இடத்துல இருந்தாதான் என் வீட்டுல அடுப்பு எரியும்."

ஓர் உறுப்பினர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைவர் முன்னால் சாய்ந்தார்.

"பெரியவரே, உங்க கஷ்டம் புரியுது. கடையை எடுத்தா மாற்று இடம் தரணும்னு மசோதாவுல ஒரு வரி சேர்த்துட்டா உங்களுக்குச் சம்மதமா?"

சாவிக்காரருக்குக் கண்கள் கலங்கின. மனைவி சொன்ன ஒற்றை வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் இத்தனை பெரிய மனிதர் இவ்வளவு பரிவாகக் கேட்கும்போது எப்படிச் சொல்வது?

"உங்க மனசு போல செய்யுங்கய்யா."

கிளார்க் எழுந்து தடியான கட்டைப் பிரித்தார். சாவிக்காரரின் ஒரு வரிக் கருத்தையும், அதோடு சேர்ந்த மூட்டையையும் எடுத்து மற்றக் கட்டில் வைத்துக் கட்டினார். மேசைமேல் அப்புறம் ஒரே ஒரு கட்டுதான் இருந்தது.

குழு குறித்திருந்த மாற்று இடம் எங்கே என்று மச்சினன் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். வந்தவன் நேராகத் தண்ணீர் கேட்டான்.

"ஊருக்கு வெளியே, குப்பைக் கிடங்கு தாண்டி ஒரு பொட்டல் மாமா. பஸ் கிடையாது."

"சுத்துவட்டாரத்துல வீடு?"

"வீடா? ஒரு கதவுகூட இல்ல மாமா. நீங்க எதுக்குச் சாவி போடுவீங்க?"

மசோதா சபைக்கு வந்த அன்று, பார்வையாளர் மாடத்துக்கு ஒரு அனுமதிச் சீட்டைக் கிளார்க்கே அன்போடு அனுப்பியிருந்தார். கீழே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கால்மேல் கால் போடக் கூடாது, பேசக் கூடாது, கை தட்டக் கூடாது என்றார்கள். கை தட்ட அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. முழங்காலை நீட்டவும் இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

அமைச்சர் எழுந்து, மக்கள் பங்கேற்புக்கு இந்த மசோதா ஓர் எடுத்துக்காட்டு என்றார். எதிர்த்தவர்களே மனமுவந்து ஏற்றுக்கொண்ட மசோதா என்றார். எதிர்க்கட்சி வரிசையிலும் மேசையைத் தட்டினார்கள். ஏற்பவர்கள் ஆம் என்க என்றது சபாநாயகரின் குரல். ஆம் என்று ஒரு முழக்கம். ஒரு பூட்டைத் திறக்கிற நேரம்கூட ஆகவில்லை.

கீழே இறங்கிப் போனை வாங்கி வீட்டுக்குப் பேசினார்.

"என்னாச்சு?" என்றாள் மனைவி.

"நிறைவேறிடுச்சு."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"சரி. சாப்பிட்டீங்களா?"

"ம்."

"பொய் சொல்லாதீங்க. ஏதாவது வாங்கித் தின்னுட்டு வாங்க. வர்ற வழியில கால் வலித் தைலம் ரெண்டு பாட்டில் வாங்கிக்குங்க."

போனைப் பையில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றார். போன்களை வாங்கி வைக்கும் காவலாளி அவர் முகத்தைப் பார்த்தார். தன் நாற்காலியை இழுத்து நகர்த்திப் போட்டார்.

"உக்காருங்கண்ணே. சுவரோரத்துல கடையா?"

"ஆமா தம்பி. எப்படித் தெரியும்?"

"என் தங்கச்சியும் ஒரு ஆபீஸ் சுவரோரம் தையல் மெஷின் போட்டிருக்கா. பாவம், இனி எங்க போவான்னு தெரியல."

"ஏழைங்க என்ன பண்ண முடியும் தம்பி? கொண்டுவந்துட்டாங்க, முடிச்சுட்டாங்க."

"அட, இது புதுசா வந்ததில்லண்ணே" என்று காவலாளி பெருமூச்சு விட்டார். "போன சபையிலயும் வந்துச்சு, அதுக்கு முந்தின சபையிலயும் வந்துச்சு. பேப்பர்ல விளம்பரம் குடுப்பாங்க, ஒருத்தரும் எழுத மாட்டாங்க, மக்களுக்கு அக்கறை இல்லைன்னு மூலையில தூக்கிப் போட்டுடுவாங்க. இந்தத் தடவைதான் எவனோ ஒரு புண்ணியவான் கருத்து எழுதிட்டான்."