மீன் தொடாத நீக்கிலாஸ்

இந்த ஊரில் வீடு எடுக்க உண்மை உதவாது என்று ஒரு சனிக்கிழமை காலை நீக்கிலாஸ் முடிவெடுத்தார். பெரிய மனிதர்கள் முடிவெடுக்கும்போது தாடையைத் தடவுவார்களாம். இவரும் தடவினார். தாடையைத் தவிர அங்கே பெரிதாக எதுவும் இல்லை.

பாரிசில் பதினெட்டு வருடம் இருந்தவர். மனைவி றோஸ்மேரிக்கு மார்க்கம் நகரில் வேலை கிடைத்ததால் கனடாவின் ரொறன்ரோவுக்கு வந்து, ஆறு வாரமாக ரெக்ஸ்டேலில் மச்சான் மாக்கஸ் வீட்டுச் சோபாவில் கிடக்கிறார். மாக்கஸின் மனைவி இப்போது சோபாவை விற்கப்போவதாகச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

பார்த்த வீடு பதினேழு. இவர் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் பதினேழும் வேறு யாருக்கோ போய்விட்டன. பதினெட்டாவது, மோர்னிங்சைட்டில் ஒரு பேஸ்மென்ற்; மேலே வீட்டுக்காரி, கீழே நிலத்தடியில் வாடகைக் குடும்பம். மீன், இறைச்சி சமைக்காத குடும்பத்துக்கு மட்டும் என்று விளம்பரம் சொன்னது.

"நாங்கள் மன்னார்ச் சனம், மீன் இல்லாமல் சோறு இறங்காது. பொய் சொல்லப் போறியளோ?" என்று றோஸ்மேரி கேட்டாள்.

"பொய் இல்லை, புத்தி. நீர் அங்கை வந்து வாயைத் திறக்காதையும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

வீட்டு வாசலில் ஒன்பது குடும்பம் வரிசையில் நின்றது. வீட்டுக்காரி புனிதவதி அன்ரி மேல்வீட்டில் தன் குசினி மேசையில் உட்கார்ந்து ஒவ்வொருவராக விசாரித்தார்.

"தம்பி, மீன் சமைப்பியளோ?"

இல்லை என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரிந்த ஆள் என்றால் இந்தக் கதையே இல்லை.

"பிறந்ததிலை இருந்து தொட்டதில்லை அன்ரி. மீன் மணம் பட்டாலே மயங்கி விழுந்திடுவன். முட்டை போட்ட கேக்கும் தின்னமாட்டன்."

அன்ரியின் முகம் இரங்கியது. "வேலைக் கடிதம் ஆற்றை?"

"என்ரை" என்றாள் றோஸ்மேரி. அன்று அவள் பேசியது அந்த ஒரு சொல்தான். வாடகை ஒப்பந்தமான லீசும் அவள் பெயரில் மட்டும் எழுதப்பட்டது.

"பேப்பரிலை ஆற்றை பேர் இருந்தால் என்ன? வீடு எடுத்தது என்ரை வாய்" என்று நீக்கிலாஸ் வழி முழுக்க மார்தட்டிக்கொண்டு வந்தார்.

குடிவந்த மூன்றாம் நாள் மேல்வீட்டிலிருந்து நண்டுக்கறி மணம் இறங்கி வந்தது. மேலே போயிருந்த றோஸ்மேரி விரலைச் சூப்பிக்கொண்டு திரும்பினாள்.

"அன்ரி நண்டு சாப்பிடுவாவோ?" என்று நீக்கிலாஸ் கேட்டார்.

"ஓம், வடிவாய்ச் சாப்பிடுவா. கீழ்க் குசினியிலை மணம் வெளியிலை போக வழியில்லையாம். அதாலைதான் உந்தச் சட்டம். என்னைத் தன்ரை குசினியிலை வந்து சமைக்கச் சொல்லிப்போட்டா."

"உமக்கு எப்ப தெரியும்?"

"வீடு பாக்கப் போன அண்டே. அன்ரியின்ரை சிங்குக்குள்ளை மீன்செதில் கிடந்தது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"வாயைத் திறக்காதையும் எண்டியள்."

அதன்பிறகு மேலே ஒரு நாள் பாரை, ஒரு நாள் இறால். நீக்கிலாஸ் மயங்கிவிடக்கூடாதே என்று அன்ரி படிக்கதவின் கீழ் ஈரத்துவாய் வேறு சுருட்டி வைத்தார். கடையில் வாங்கித் தின்னலாம் என்றால், மோர்னிங்சைட்டில் அன்ரியைத் தெரியாத சாப்பாட்டுக்கடை இல்லை. ஒரு மாதத்தில் மனிதர் இடுப்புப்பட்டியில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக் காற்சட்டையை இறுக்கினார்.

மேலே கணவாய் மீன் பிரட்டிய அன்று பொறுமை போய்விட்டது.

"இண்டைக்கு மேலை போய் உண்மையைச் சொல்லப்போறன்."

றோஸ்மேரி கொண்டையை நிதானமாக முடிந்தாள். "சொல்லுங்கோ. அன்ரிக்குப் பொய்யரைக் கண்ணிலை காட்டேலாது. எங்கட மாக்கஸ் அண்ணை சோபாவை இன்னும் விக்கேல்லையாம், நீங்கள் போய்ப் படுக்கலாம்."

"அப்ப நீர்?"

"நான் ஏன் போறன்? லீஸ் என்ரை பேரிலை."

படிக்கதவு திறந்தது. "தம்பி, உங்களுக்கெண்டு தனிச்சட்டியிலை பூசணிக்காய் அவிச்சனான். கொஞ்சம் தரட்டோ?" என்று அன்ரியின் குரல் கேட்டது.

நீக்கிலாஸ் தாடையைத் தடவினார்.

"ரெண்டு துண்டு கூடப் போடுங்கோ அன்ரி."