நாய் அடங்கிவிட்டது என்று மாமாவுக்கு எழுதியது

பாலகாட், கோலார் கோல்ட் பீல்ட்ஸ்,
1904 செப்டம்பர் 12, திங்கள்.

மகா கனம் பொருந்திய மாமா ஞானாபரணம் அவர்கள் சமூகத்துக்கு, மருமகன் ஏனோக் அநேக வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். அவ்விடம் தாங்களும் அத்தையும், பசுவும் கன்றும், ஜூடித்தும் குழந்தையும் சுகமாயிருக்க நித்தமும் ஜெபிக்கிறேன். பசுவை முன்னால் எழுதியது மரியாதைக்காகத்தான், மனதில் அந்த வரிசை இல்லை.

(ஜூடித், உன் அப்பாவுக்கு எழுத்து தெரியாதது எனக்கு எவ்வளவு பெரிய உபகாரம். எப்போதும்போல நீதான் இதை அவருக்கு வாசித்துச் சொல்வாய் என்பதால் சொல்கிறேன்: அடைப்புக்குறிக்குள் இருப்பதை மனதுக்குள் படி. ஏன் நிறுத்தினாய் என்று அவர் கேட்டால் மை கொட்டியிருக்கிறது என்று சொல். போன மூன்று கடிதங்களிலும் அப்படித்தான் சொல்லியிருப்பாய். மூன்றுக்கும் பதில் வரவில்லை. என்மேல் கோபமா?)

விஷயம் என்னவென்றால், ஜூலை மாதம் ஊருக்கு வந்து திரும்பிய கோவிந்தன் இரண்டு சேதி கொண்டுவந்தான். அவன் சுரங்கத்துக்குள் ஆள் இறக்குகிற கேஜ் கூண்டுக்கு மணி அடிப்பவன், எங்கள் வரிசையில் கடைசி வீட்டுக்காரன், தாங்கள் அறிவீர்கள். முதல் சேதி, எனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் நலம். அவனை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கொய்ந்த மாதிரிதான் கீதுண்ணே" என்றான். யார் ஜாடை என்று கேட்டேன். "துணி சுத்தி வெச்சிருந்தாங்கண்ணே, மூக்கு மட்டுந்தான் தெரிஞ்சிது" என்றான். யார் மூக்கு என்று கேட்டதற்கு அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த இரண்டு மாதமாக என் மகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்த மூக்கு ஒன்றுதான். இரண்டாவது, தாங்கள் சொல்லியனுப்பியது. "அந்தச் சீமை நாயி அடங்கி, சொன்ன பேச்சு கேக்குதுன்னு தெரிஞ்சாத்தான் பொண்ணையும் பேத்தியையும் அனுப்புவாராம்" என்றான். மூன்றாம் மாதம் அனுப்புவதாக இருந்த பேச்சு இப்படி ஒரு நாயின் கைக்குப் போய்விட்டது. ஆகவே நாய் அடங்கின விவரத்தை ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன்.

நாய் நான் கேட்டு வந்ததல்ல. மே மாதம் எங்கள் சுரங்கத்து மேலாளான காப்டன் துரை வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்பும்போது, டைம் ஆபீஸ் குமாஸ்தாவாகிய என்னைக் கூப்பிட்டு, இரண்டு மாதக் குட்டியைக் கையில் வைத்துவிட்டு ரயில் ஏறிப் போய்விட்டார். பீகிள் என்று சாதி, டக்ளஸ் என்று பெயர். தொங்கு காது, வெள்ளைக் கால், முதுகில் கறுப்பு, முகத்தில் எந்நேரமும் சாவு வீட்டுக்குப் போய்வந்த துக்கம். முயல் வேட்டைக்கென்றே வளர்க்கிற இனமாம், மூக்கு போன வழியேதான் உடம்பு போகும். துரை வீட்டில் அது இங்கிலீஷில் வளர்ந்திருந்தது. நான் தமிழில் உட்கார் என்றேன், என்னைப் பார்த்தது. பக்கத்து வீட்டு மங்கம்மா தெலுங்கில் அதட்டினாள், அவளையும் பார்த்தது. பால் ஊற்றுகிறவர் கன்னடத்தில் சொல்லிப் பார்த்தார். கடைசியில் துரையின் குரலை வரவழைத்துக்கொண்டு இங்கிலீஷில் நான் ஒரு சத்தம் போட்டேன். ராத்திரி ஷிப்ட் முடித்து எதிர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த நாலு பேர் அலறியடித்து எழுந்து நின்றார்கள், நாய் படுத்துக்கொண்டது. இப்போது அந்தக் குறையெல்லாம் இல்லை. கூப்பிட்டால் உடனே வருகிறது. கையில் கருவாடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதன் மூக்கின் பெருமையையும் சொல்ல வேண்டும். ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவர்களைக் கேட்டில் நிறுத்தி, தங்கக் கல் எதுவும் ஒளித்து எடுத்துவருகிறார்களா என்று தலைப்பாகை முதல் கோவணம் வரை உதறிப் பார்ப்பது இங்கே வழக்கம். போன மாதம் ஒருநாள் டக்ளஸ் கயிற்றை அறுத்துக்கொண்டு என்னைத் தேடி அங்கே வந்துவிட்டது. வந்தது என்னிடம் வராமல், வரிசையில் நின்ற நாற்பது பேரையும் ஒவ்வொருவராக முகர்ந்துகொண்டே போனது. தங்கத்தை மோப்பம் பிடிக்கச் சீமையிலிருந்து நாய் வந்திருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட, நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாய் வரிசையை முடித்துவிட்டு நேரே போய், சோதனை போடுகிற ஜமேதாருக்கு முன்னால் உட்கார்ந்து ஊளையிட்டது. பீகிள் ஊளை சாதாரண ஊளை அல்ல, மாமா, ஷிப்ட் சங்கு ஊதிவிட்டது என்று அடுத்த சுரங்கத்து ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். "அப்ப இவரைத்தான் மொதல்ல உதறணும்" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. ஜமேதார் வேறு வழியில்லாமல் தலைப்பாகையை அவிழ்த்தார். உள்ளே ஒரு பொட்டலம் வறுத்த நெத்திலி இருந்தது. அதைத் தின்று முடித்துவிட்டு டக்ளஸ் என் காலடியில் வந்து உட்கார்ந்தது. நான் உட்கார் என்று சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தது என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

(ஜூடித், அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வேகமாக நடந்து வந்து கதவைத் தள்ளியபிறகுதான் நீ இல்லாதது ஞாபகம் வந்தது. நீ போய் ஐந்து மாதமாகியும் அது தினமும் மறந்துபோகிறது.)

தங்கள் பயமெல்லாம் குழந்தையைப் பற்றித்தான் என்பது எனக்குத் தெரியாதா? அதற்கும் நாயைப் பழக்கினேன். உத்தரத்தில் தூளி கட்டினேன். மூன்று மாதக் குழந்தை எவ்வளவு கனம் இருக்கும் என்று தெரியாமல் மங்கம்மாவைக் கேட்டேன். "இந்தக் கனம் இருக்கும்" என்று தன் கூரைமேல் காய்த்திருந்த பூசணிக்காய் ஒன்றைப் பறித்துக் கொடுத்தாள். அதைத் துணியில் சுற்றித் தூளியில் போட்டு, டக்ளஸை எதிரில் உட்காரவைத்து, பாயக் கூடாது, நக்கக் கூடாது, பிள்ளை தூங்கும்போது குரைக்கக் கூடாது என்று பாடம் ஆரம்பித்தேன். முதல் நாள் தூளியைக் கவ்விக்கொண்டு தொங்கியது. இரண்டாம் நாள் பூசணிக்காயின் ஒரு பக்கத்தைக் கடித்துவிட்டது. கடித்த பக்கத்தைக் கீழே திருப்பிவைத்தேன். ஒரு வாரத்தில் தூளிக்கு அடியிலேயே படுத்துக் காவல் காக்கத் தொடங்கியது, யாரையும் கிட்ட விடவில்லை, என்னையும் விடவில்லை. தாலாட்டு இல்லாமல் பாடம் பூர்த்தியாகாது என்பதால், ஒரு சாயங்காலம் தூளியை ஆட்டிக்கொண்டே ஞானப்பாட்டு ஒன்றை மெல்லப் பாடிக்கொண்டிருந்தேன். மங்கம்மா வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா ஏனோக்கு, யாருக்குப் பாடினு கீற?"

"நாயைப் பழக்குறேன்" என்றேன்.

"நாயி எங்கூட்டு அடுப்படியில கீதேப்பா" என்றாள்.

அவள் போனபிறகு தூளியை அவிழ்த்துவிடலாம் என்று எழுந்தேன். நேரமில்லாததால் அவிழ்க்கவில்லை.

(ஜூடித், பாப்பா சிரிக்கத் தொடங்கிவிட்டாளா? மூன்றாம் மாதம் முகம் பார்த்துச் சிரிக்கும் என்கிறாள் மங்கம்மா. என்னைப் பார்க்காமலே சிரிக்கத் தொடங்கியிருந்தால் அதை எனக்கு எழுதாதே. இல்லை, எழுது.)

இன்னொன்றையும் தங்களிடம் மறைக்கக் கூடாது. ஜூடித் விட்டுப்போன மரப்பெட்டியைத் திறந்து, அவளுடைய ஊதாப் புடவையை வெளியே இழுத்து, அதில் மூக்கைப் புதைத்துக்கொண்டு படுத்துக்கிடக்கிறது இந்த டக்ளஸ். அவளைக் கண்ணால் பார்த்ததில்லை, இருந்தும் இப்படி. வேளாவேளைக்குச் சாப்பிடுவதில்லை. ரயில் சத்தம் கேட்டால் மாரிகுப்பம் ஸ்டேஷன் வரைக்கும் போய், பங்காருபேட்டை வண்டியிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, கடைசி ஆளும் போனபிறகு திரும்பி வருகிறது. ஒரு வாயில்லாப் பிராணி இப்படி ஏங்குவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. எனக்காகக் கேட்கவில்லை, மாமா. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நாயின் முகத்துக்காகவாவது அவர்களை அனுப்பிவைக்க வேண்டும்.

அத்தைக்கு என் நமஸ்காரம். சபை மூப்பராகிய தாங்கள் எங்களை ஜெபத்தில் நினைத்துக்கொள்ளவும். உபதேசியார் ஐயாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லவும். குழந்தைக்கு என் ஆசீர்வாதம், முத்தம்.

இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகனும், கீழ்ப்படிதலுள்ள நாயும்,
ஏனோக், டக்ளஸ்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுகிற நேரத்தில் தபால்காரர் ஒரு கார்டைக் கொடுத்தார். உபதேசியார் ஐயாவின் கையெழுத்து. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி எழுத்தைப் பார்த்தால் கண் கெட்டுவிடும் என்று அத்தை இதுவரை ஜூடித்தின் கையில் ஒரு காகிதத்தையும் கொடுக்கவில்லையாம். தங்கவயலில் நம் ஊர் ஆட்கள் நிறையப் பேர் இருப்பதால், இங்கிருந்து வரும் கடிதம் ஊருக்கே பொது என்று, என் மூன்று கடிதங்களையும் ஐயாவே ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு சபையின் முன்னால் வாசித்தாராம். "மனதுக்குள் படி என்று தாங்கள் குறித்திருந்த இடங்களையும் விடாமல் வாசித்தேன். பிறர் எழுதியதில் ஓர் எழுத்தைக் குறைக்க எனக்கு அதிகாரம் இல்லை. இரண்டாம் கடிதத்தில் தலையணையைப் பற்றிய பகுதியைச் சபையார் மறுபடியும் கேட்டு வாங்கினார்கள். தங்கள் மனைவியார் பெண்கள் பக்கத்தில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்கள், ஆனால் எழுந்து போகவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போட எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். மாமா, தங்கள் படிப்பைப் பற்றி மேலே எழுதியதற்கு மன்னிக்க வேண்டும். உபதேசியார் ஐயா, இதையும் தாங்கள்தானே வாசிக்கப்போகிறீர்கள், இங்கிருந்து கொஞ்சம் உரக்க வாசியுங்கள். டக்ளஸ் அடங்கவில்லை. நேற்றுப் பூசணிக்காயைக் காம்பு வரைக்கும் தின்றுவிட்டது. வேளைக்கு இரண்டு தரம் சாப்பிடுகிறது, நன்றாகத் தூங்குகிறது, யாருக்காகவும் ஏங்கவில்லை. பெட்டியைத் திறந்தது நாய் இல்லை. ஸ்டேஷனுக்குப் போய் நிற்பதும் நாய் இல்லை. எனக்கு என் பெண்சாதி வேண்டும். என் மகளுக்கு நூறு நாளாகிறது, என் குரல் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. நாய்தான் தடை என்றால் மங்கம்மாவுக்குக் கொடுத்துவிடுகிறேன். கொடுக்க எனக்கு மனமில்லை, ஆனாலும் கொடுக்கிறேன்.

ஜூடித், ஐயா இதை வாசித்து முடித்ததும், இருக்கிற இடத்திலேயே எழுந்து நின்று, எல்லாரும் கேட்க உன் அப்பாவிடம், "நான் போறேன்பா" என்று சொல்.