1707இல் தமிழர் இழந்த பாராளுமன்றம்

1707ஆம் ஆண்டு தமிழர் தமது பாராளுமன்றத்தை இழந்தனர் என்ற மாபெரும் உண்மை, முந்நூறு வருடம் உலகத்தின் கண்ணில் படாமல் ஒளிந்திருந்துவிட்டு, 2007 மே மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு பாடசாலை மண்டபத்தில், மட்டன் ரோல்ஸ் பரிமாறி முடிந்த கையோடு வெளியாயிற்று.

வெளியிட்டது ‘அனைத்துலகத் தொல்தமிழ் ஆய்வு மன்றம்’. அனைத்துலகம் என்பது கிங்ஸ்பரியும், பஸ்ஸில் போகக்கூடிய தூரம்வரை வெம்பிளியும். தலைவர் சச்சிதானந்தன், ஓய்வுபெற்ற கணக்காளர். இதற்கு முன்பே ஜப்பானியரைத் தமிழராக்கியவர். ஒரு வரிகூட மொழிபெயர்க்காமல் முழுத் தேசத்தையும் ‘தமிழாக்கம்’ செய்யும் வல்லமை அவர் ஒருவருக்கே வாய்த்திருந்தது.

அவருடைய பார்வையை ஸ்கொட்லாந்துப் பக்கம் திருப்பியவள் மகள் சுவர்ணா. ஆராய்ச்சி ஆர்வத்தால் அல்ல, காதலால். காதலன் யூவன் மக்கின்டயர், ஸ்கொட்லாந்துக்காரன், லண்டனில் எலும்பு டொக்டர். அப்பாவோ மேடைக்கு மேடை ‘தமிழ்ப் பிள்ளை தமிழனுக்கே!’ என்று முழங்குகிறவர். பதிவுத் திருமணத்துக்கு அப்பா தேவையில்லை என்று சுவர்ணாவுக்குத் தெரியும். ஆனால் ஆர்ச்வே முருகன் கோயிலில் அப்பா தன் கையைப் பிடித்துத் தாரைவார்த்துக் கொடுக்காத கல்யாணத்தை அவளால் கல்யாணம் என்று நினைக்க முடியவில்லை. அப்பாவை மாற்ற முடியாது. ஆகவே ஸ்கொட்லாந்தை மாற்றுவதென்று முடிவெடுத்தாள்.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சும்மா சொல்வதுபோலச் சொன்னாள்.

“அப்பா, ஸ்கொட்டிஷ் ஆக்கள்ர பேருக்கு முன்னால ‘மக்’ எண்டு வருதெல்லே, அதுக்குக் கருத்து மகனாம்.”

சச்சிதானந்தன் கையில் எடுத்த பிட்டைச் சாப்பாட்டுக் கோப்பையிலேயே போட்டார்.

“மகனோ? மக்... மகன்... என்ர முருகா!”

அதன்பிறகு அவரைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. ‘கிளான்’ குலமாயிற்று. குளிருக்குத் தடிப்பாக நெய்து முழங்காலோடு மடித்துக் கட்டிய வேட்டி, ஸ்கொட்லாந்து ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட ‘கில்ட்’ ஆயிற்று. தீவின் வடக்கே இருக்கிறார்கள், சிக்கனக்காரர், படித்துவிட்டு ஊரூராய்ப் போய் உத்தியோகம் பார்க்கிறார்கள், மற்ற நேரத்தில் தங்களுக்குள் அடிபடுகிறார்கள். சாட்சியங்கள் குவிந்தன. அப்படிப்பட்ட இனம் தன் பாராளுமன்றத்தைத் தானே வாக்களித்துக் கலைத்துவிட்டுத் தெற்கே இருந்த இங்கிலாந்தோடு போய்ச் சேர்ந்த வருடம் 1707.

“தன்ர தலையில தானே மண் அள்ளிப் போட்டவன் தமிழன் இல்லாமல் வேற ஆர்?” என்று அவர் மேடையில் கேட்டபோது மண்டபம் கண்கலங்கியது. ரோல்ஸில் மிளகாயும் சற்று அதிகம்.

உபதலைவர் வைத்தியநாதனுக்கு மட்டும் ஒரு சிறு ஐயம்.

“அண்ணை, அவையள் மாட்டிறைச்சி தின்னுறவையெல்லே?”

“அது 1707க்குப் பிறகு பழகினது.”

ஐயம் தீர்ந்தது. ஸ்கொட்லாந்து மக்கள் தமிழரே என்றும், 1707 தமிழர் துக்க ஆண்டு என்றும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

தலைவரின் பார்வை முன்வரிசையில் கில்ட் கட்டி உட்கார்ந்திருந்த யூவனில் விழுந்தது. செம்பட்டைத் தலை, புள்ளி விழுந்த வெள்ளை முகம்.

“ஆரிந்தத் தம்பி? முகத்தில ஒரு யாழ்ப்பாணக் களை தெரியுது.”

சுவர்ணா மேடையோரம் போய் அவர் காதில் சொன்னாள். “எலும்பு டொக்டர், அப்பா. இவரைத்தான் நான் கட்டப்போறன்.”

அவர் உடனே மைக்கைப் பிடித்தார்.

“எங்கட ஆய்வுக்கு உயிருள்ள சான்று என்ர வீட்டுக்கே வருது! எலும்பு டொக்டர்! ஆவணியில ஆர்ச்வே முருகன் கோயில்ல கலியாணம். எல்லாரும் வரவேணும்!”

கைதட்டலில் சுவர்ணா அழுதுவிட்டாள். தலைவர் மருமகனின் பெயரையும் அங்கேயே ஆய்ந்தருளினார். “மக்கின்டயர். மகன் இந்திரர். இந்திரன்ர மகன்!”

யூவன் நேர்மையானவன், வந்த வினையே அதுதான். மேடையேறி, பழகி வைத்திருந்த ‘வணக்கம்’ சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் பணிவோடு திருத்தினான். இந்திரன் இல்லை. தங்கள் பழைய மொழியில் அந்தப் பெயருக்குத் தச்சன் மகன் என்று பொருள். அதில் குடும்பத்துக்கே மிகுந்த பெருமை.

தட்ட எழுந்த கைகள் அந்தரத்தில் நின்றன. வைத்தியநாதன் தலைவரின் காதருகே குனிந்தார்.

“அண்ணை, தச்சு ஆக்களாம்.”

“அது எந்தக் காலத்துக் கதை...”

“எந்தக் காலமோ? வாள், உளி, சுத்தியல். எலும்பு டொக்டர் வேற என்னத்தைப் பிடிக்கிறவர்? தொழிலை விடேல்லை அண்ணை. மரத்துக்குப் பதிலா எலும்பு.”

தலைவர் மைக்கை அணைத்தார்.

வீட்டுக் குசினியில் விவாதம் தொடர்ந்தது.

“டொக்டர் மாப்பிள்ளை எண்டுதானே அப்பா இவ்வளவு காலமும் தேடினனீங்கள்?”

“டொக்டர் சரி பிள்ளை. என்ன ஆக்கள் எண்டு ஒண்டு இருக்கெல்லே.”

‘என்ன ஆக்கள்’ என்பது யாழ்ப்பாணத்து நாகரிகத்தின் உச்சம். சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே சாதி கேட்கலாம்.

“ஸ்கொட்டிஷ் ஆக்கள்!” என்று கத்தினாள் சுவர்ணா.

“அதெப்படி? தமிழன் எண்டு தீர்மானம் நிறைவேத்தியாச்சு. தமிழன் எண்டால் கேக்கத்தானே வேணும்?”

அம்மா நகுலேஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

“உனக்கேன்டி இந்த வேலை? அப்பான்ர சிநேகிதன் கணேஸ்வரன்ர மகள் கட்டினது வெள்ளையைத்தானே. கொப்பர்தான் முன்னுக்கு நிண்டு பந்தி பரிமாறினவர். வெள்ளைக்கு அதொண்டும் பாக்கிறேல்லை. பேசாமல் வெள்ளைக்காரன் எண்டே விட்டிருக்கலாம்.”

சுவர்ணா அப்பாவைப் பார்த்தாள். “அப்ப அவரைத் திருப்பி வெள்ளைக்காரன் ஆக்குங்கோவன்.”

“ஏலாது,” என்றார் சச்சிதானந்தன், உண்மையான வேதனையோடு. “ஆய்வு ஆய்வுதான்.”

ஆவணியில் பதிவுத் திருமணம் நடந்தது. கருத்து ஒன்றானாலும் ‘மக்’ என்ற சொல்லுக்கும் தமிழ் ‘மகன்’ என்ற சொல்லுக்கும் பிறப்பில் எந்தத் தொடர்பும் இல்லை, கில்ட் வேட்டியும் இல்லை என்று விஷயம் தெரிந்தவர்கள் சிலர் மன்றத்துக்கு எழுதினார்கள். எழுதிவிட்டுப் போகட்டும். ஸ்கொட்லாந்து மக்கள் தமிழர்தான் என்பதற்கு அசைக்க முடியாத சான்று ஒன்று இருக்கிறது.

மாப்பிள்ளை என்ன ஆக்கள் என்று தெரிந்த பிறகு, பெண்ணின் தகப்பன் கல்யாணத்துக்கு வரவில்லை.