மாமனார் காட்டில் ஒயின் திராட்சை போட்ட கதை

வேளாண்மைக் கல்லூரியில் படித்தவனுக்குக் கல்யாணமான புதிதில் மாமனாரின் நிலத்தைக் காட்டக் கூடாது. எனக்குக் காட்டினார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே நாலு அறை விட்டுக்கொள்ளலாம் போல ஆத்திரம் வருகிறது.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் சரளை கலந்த செம்மண் மேடு. தக்காளி போட்டிருந்தார் மாமனார். நான் போனது மார்கழியில். ராத்திரிக் குளிரில் பல் தந்தியடித்தது.

"வெள்ளை ஒயினுக்கான திராட்சை போடலாம் மாமா. தண்ணி நிக்காத மண்ணு, வேரு கஷ்டப்படும், சாறு கெட்டியா வரும். ராத்திரிக் குளிரு புளிப்பைக் காப்பாத்தும். இனிப்பே இல்லாத டிரை ஒயினுக்குப் புளிப்புதான் உயிர்." (அதுவரை நான் ஒரு சொட்டு ஒயின் குடித்ததில்லை.)

பாவம், நம்பித் தக்காளியை அழித்தார். கொடிகள் காய்ப்புக்குத் தயாரானதும், கிளைகளை வெட்டிவிடும் கவாத்தை, புரட்டாசியில் செய்ய வேண்டியதை, நான் மார்கழியில் செய்யச் சொன்னேன்.

"இப்ப வெட்டிவுட்டா சித்திரையிலதான் பழுக்குமுங்க மாப்ள. அப்ப இங்க எருமையே தண்ணிய வுட்டு எந்திரிக்காது."

"நான் படிச்சிருக்கேன் மாமா" என்றேன். (நாக்கை இழுத்து வைத்து அறுத்திருக்க வேண்டும்.)

பழத்தை வாங்கிப்போன பெங்களூரு ஒயின்காரர், சில மாதம் கழித்து ஒரு பாட்டிலோடு வந்தார். வீடு நிறைய சொந்தக்காரர்கள். அத்தை கோழி அடித்திருந்தார். வந்தவர் ஒரு வாய் உறிஞ்சினார். வாளி கேட்டு வாங்கித் துப்பினார்.

மாமனார் எழுந்துவிட்டார். "என்னங்க இது? எங்க வூட்டுக்கே வந்து, எங்க காட்டுல வெளஞ்சதத் துப்பறீங்க?"

"ருசி பாக்கறவங்க அப்படித்தான் துப்புவாங்க மாமா" என்று பாய்ந்தேன்.

"வழக்கமா அதுக்குத்தாங்க துப்புவேன்" என்றார் வந்தவர். "இத நெஜமாவே முழுங்க முடியல. மண்ணு அருமைங்க. ஆனா பழுக்கறப்ப அடிச்ச வெயிலு புளிப்பைத் தின்னுடுச்சு. ஆறின கஞ்சித்தண்ணி மாதிரி இருக்கு. மார்கழியில எவன் கவாத்து பண்ணச் சொன்னான்?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்கு வெறியே வந்துவிட்டது. "இந்த வருஷம் வெயிலு ஜாஸ்தி! நான் என்ன பண்ணுவேன்?" என்று கத்தினேன்.

"சித்திரையில வெயிலடிக்காம பனியா கொட்டுங்க மாப்ள?" என்றார் அத்தை.

கொடிகளைப் பிடுங்கி, மறுபடி தக்காளி போட்டார்கள். அதிலிருந்து அந்த வீட்டில் என் வாக்குக்கு மரியாதை கூடிவிட்டது. போன வாரம்கூட மச்சான் போனில் கேட்டான்: "மாமா, இப்ப நாத்து நடலாமுங்களா?"

"வேண்டாம்டா. பத்து நாள் பொறு" என்றேன்.

போனை வைக்காமலே உள்ளே பார்த்துக் கத்தினான்:

"அப்பா, மாமா வேணாங்கறாரு! டிராக்டர எடுங்க!"