பதினொரு துவக்கையும் கொண்டு போட்டாங்கள்

மாண்ட்ரியல் நகரத்தில் ஒழுங்காகக் கோபப்படத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் துவக்கண்ணை. மற்ற நாமெல்லாம் பனியைப் பார்த்து, வாடகையைப் பார்த்து, வருடம் முழுக்கத் தோண்டிக் கிடக்கும் சாலையைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குகிறவர்கள். துவக்கண்ணை அப்படியில்லை. தெருமுனைப் பார்க்கிங் பலகையில் எழுதியிருப்பதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டு நகரசபைக்குப் பதினேழு கடிதம் எழுதியவர். பதினேழுக்கும் பதில் வராததைக் கண்டித்துப் பதினெட்டாவது ஒன்றும் எழுதினார்.

நான் அப்போது நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு சின்ன இன்சூரன்ஸ் ஏஜென்சியில் வேலை பார்த்தேன். தமிழ் வாடிக்கையாளர்களுக்கென்று அங்கே இருந்த ஒரே ஆள் நான். மேற்கு மாம்பலத்துக்காரி. தமிழ் தெரிந்தால் தமிழர் பேசுவதெல்லாம் புரியும் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஆபீஸ் போனில் கொஞ்சம் மேடைத் தமிழாகவும் பேசுவேன். அதுதான் வினையாகப் போயிற்று.

"வணக்கம். எனக்குத் துவக்குக்கு இன்சூரன்ஸ் வேணும்."

"துவக்கிடலாம் சார். உங்க பேரு?"

"பேர் பேந்து சொல்லுறன். துவக்குக்குத் தருவியளோ, மாட்டியளோ?"

"தருவோம் சார். முதல்ல துவக்கினாத்தானே தர முடியும்?"

"அதைத்தானே சொல்லுறன், துவக்கு!"

"துவக்கிட்டேன் சார், ஃபாரம் எடுத்துட்டேன். எதுக்கு இன்சூரன்ஸ்?"

"துவக்குக்கு!"

இப்படியே நாலு நிமிஷம். எனக்கும் சுருக்கென்று கோபம் வரும், அவருக்கோ வந்தபடியேதான் இருக்கும். கடைசியில் போனில் ஒரு பெருமூச்சு. பிறகு, "டுமீல்! டுமீல், தங்கச்சி! டுமீல்!"

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கண்ணாடி அறைக்குள் இருந்த முதலாளி மேஜைக்கு அடியில் குனிந்துவிட்டார்.

"ஐயோ, துப்பாக்கியா சார்?"

"துப்பாக்கி பொலிஸ்காரன்ர இடுப்பில கிடக்கிறது. என்னட்டை இருக்கிறது துவக்கு."

மறுநாளே ஒரு தடித்த ஃபைலோடு வந்து நின்றார். செயின்ட்-மிஷேலில் சொந்த வீடு. விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேஸ்மெண்ட்டில் பதினொரு வேட்டைத் துவக்குகள், எல்லாவற்றுக்கும் லைசன்ஸ், எல்லாவற்றுக்கும் பூட்டு, எல்லாம் ஓர் இரும்பு அலமாரிக்குள். வாழ்நாளில் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. வேட்டைக்குப் போன ஒரே தடவையும் மானைக் கண்டதும், "பாவம், குட்டியோட நிக்குது" என்று இருமி விரட்டிவிட்டார். கூடப் போனவர்கள் அதற்குப் பிறகு அவரை அழைக்கவில்லை. இரும்பும் மரமும் பொருந்தி நிற்கிற அழகுக்காகத்தான் சேர்த்தாராம்.

சாதாரண வீட்டுப் பாலிசியில் இப்படிப்பட்ட சேகரிப்புக்கு ஏதோ பேருக்குத்தான் பாதுகாப்பு உண்டு. களவு போனாலும் தொலைந்து போனாலும் முழு மதிப்பும் கிடைக்க வேண்டுமானால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பட்டியல் போட்டு இணைக்க வேண்டும். துவக்கண்ணை கொண்டுவந்த பட்டியலைப் பார்த்தால் பதினொரு பெண்ணுக்கு வரன் தேடுகிறவர் மாதிரி இருந்தது. நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், பிறந்த வருடம், உயரம், எடை, நிறம். ஒன்றுக்கு மட்டும் "சின்னக் கீறல் உண்டு, மறைக்க விரும்பவில்லை" என்று எழுதியிருந்தார்.

பாலிசியில் கையெழுத்துப் போடச் சொன்னேன். படித்துவிட்டுத்தான் போடுவேன் என்றார். படித்தார். மூன்று நாள் வந்து படித்தார். பாலிசியை முழுக்கப் படித்த மனிதரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. விற்கிற நானே படித்ததில்லை. மூன்றாம் நாள் மேஜையை ஓங்கித் தட்டினார்.

"தங்கச்சி, இதென்ன விசர்க்கதை? கள்ளன் எடுத்தால் தருவியள். துலைஞ்சால் தருவியள். கவுண்மேந்து எடுத்தால் தரமாட்டியளோ?"

"அது பறிமுதல் அண்ணா. எல்லாக் கம்பெனியிலயும் அதுக்கு விலக்கு உண்டு."

"அப்ப கவுண்மேந்து எடுத்தால் அது களவும் இல்லை, இழப்பும் இல்லை. பேந்து அதுக்குப் பேர் என்ன?"

'பேந்து' என்றால் பிறகு என்பது அந்த மூன்று நாளில் எனக்குப் பிடிபட்டிருந்தது. அவர் குரலைக் கொஞ்சம் இறக்கினார். "வன்னியில எனக்கொரு துவக்கு இருந்தது. பண்டி வந்து வயலைக் கிண்டும், வெருட்டுறதுக்கு. லைசன்ஸோட வைச்சிருந்தனான். எல்லாரும் கொண்டந்து பொலிசில குடுங்கோ எண்டாங்கள். குடுத்தன். ஒரு துண்டு எழுதித் தந்து, பேந்து வந்து எடுங்கோ எண்டாங்கள். நாப்பது வருசமா அந்தப் பேந்து முடியேல்லை."

கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே தமிழில் "இது அநியாயம்" என்றும் எழுதினார். இந்த எழுத்து என்ன என்று தலைமை அலுவலகத்தில் கேட்டார்கள். அவருடைய சொந்த ஊர் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வருடம் போனது. ஒரு திங்கட்கிழமை காலையில் கம்பெனியின் க்ளெய்ம் பிரிவிலிருந்து ஓர் அதிகாரி கூப்பிட்டார். கெபெக்கில் பிறந்து வளர்ந்தவர், உறைந்த ஏரி மாதிரிக் குரல். உங்கள் வாடிக்கையாளர் லைனில் இருக்கிறார், கடும் கோபத்தில் இருக்கிறார், தமிழில்தான் வாக்குமூலம் தருவேன் என்கிறார், நீங்கள் மொழிபெயர்க்க வேண்டும், எல்லாம் பதிவாகிறது என்றார். துவக்கண்ணைக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் வரும். கோபம் எல்லை தாண்டினால் மட்டும் இரண்டும் அவரை விட்டு ஓடிவிடும். என்ன நடந்தது என்று எனக்கும் தெரியாது. சொல்லுங்க அண்ணா என்றேன். மடை திறந்தது.

"நாங்கள் கலியாண வீட்டுக்கு டொரொண்டோவில நிக்க, பின் கதவால பேஸ்மெண்டுக்க வந்து, பதினொரு துவக்கையும் கொண்டு போட்டாங்கள்! பதினொண்டையும்! பொலிசுக்குச் சொல்லிப் போட்டன். இனி நீங்கள் பாருங்கோ. நான் வைக்கிறன்!"

வைத்துவிட்டார். அதிகாரி காத்திருந்தார். நான் தெளிவாக, நிறுத்தி நிதானமாக மொழிபெயர்த்தேன்: "நாங்கள் டொரொண்டோவில் இருந்தபோது சிலர் பின்வாசல் வழியாக வந்து பேஸ்மெண்ட்டில் பதினொரு துப்பாக்கிகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள்."

அதிகாரி கேட்டார்: "கொண்டுவந்தா?"

"ஆமாம்."

"ஏற்கெனவே அவரிடம் பதினொன்று இருக்கிறதே?"

"ஆமாம்."

"அப்படியானால் இப்போது இருபத்திரண்டா?"

கணக்கு சரியாகத்தானே இருக்கிறது, ஆமாம் என்றேன். எனக்குத் துளிச் சந்தேகமும் வரவில்லை. பூனை வளர்க்கிறவர் வீட்டு வாசலில் தெருவே குட்டிகளைக் கொண்டுவந்து விடுகிற மாதிரி, வேண்டாத துப்பாக்கியை எல்லாம் இவர் வீட்டில் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்தேன். "பதினொரு துவக்கையும்" என்பதில் இருந்த அந்த ஓர் உம்மை என் காதில் விழுந்திருக்கக் கூடாதா? நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

கம்பெனி தகவல் கொடுத்து, இரண்டே நாளில் போலீஸ் துவக்கண்ணை வீட்டுக் கதவைத் தட்டியது. களவு கொடுத்தவர் கள்ளனைப் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடிவந்து திறந்தார். அவர்களோ, "அந்த மற்றப் பதினொன்றும் எங்கே?" என்று கேட்டார்கள்.

அன்று மத்தியானம் எங்கள் ஆபீஸுக்குள் அவர் நுழைந்ததை என்னால் எழுதிக் காட்ட முடியாது. பனி பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"தங்கச்சி, நான் உமக்கு என்ன சொன்னனான்?"

"பதினொரு துவக்கையும் கொண்டு போட்டாங்கன்னு சொன்னீங்க."

"ஓம்! கொண்டு போட்டாங்கள்!"

"அதைத்தானே அண்ணா நானும் சொன்னேன்! கொண்டு வந்து போட்டாங்கன்னு!"

"ஆர் வந்தது? கொண்டு போட்டாங்கள்! போட்டாங்கள்!"

"எங்கே போட்டாங்க?"

"அது தெரிஞ்சால் நான் ஏன் இங்க வாறன்?"

இருவரும் கத்தினோம். பிறகு அவர் ஒரு கையை உயர்த்தினார். "நில்லும். நீர் வேலை முடிஞ்சு வீட்ட போறீர். பேந்து நான் வந்து உம்மைத் தேடுறன். எங்கட ஆள் ஒண்டு இங்க இருந்தால் என்ன சொல்லும்? அவ போட்டா எண்டு சொல்லும். விளங்குதோ?"

விளங்கியது. அவர்கள் ஊரில் போய்விட்டால் "போட்டா". எங்கள் ஊரில் எதையாவது கீழே வைத்தால்தான் "போட்டா". பதினொரு துவக்கும் போய்விட்டது என்று மனிதர் கதறியிருக்கிறார். வந்துவிட்டது என்று நான் சொல்லியிருக்கிறேன். அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

கம்பெனி உடனே ஒரு கடிதம் அனுப்பியது. அதை எழுதியவன் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கு ஒரு கொலை விழுந்திருக்கும். முதல் வாக்குமூலமும் போலீஸ் புகாரும் முரண்படுகின்றனவாம். பொய்த் தகவல் என்று முடிவானால் க்ளெய்மும் கிடையாது, வீட்டுப் பாலிசியும் ரத்து. தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. மொழிபெயர்ப்பாளர் தவறு செய்தார் என்று துவக்கண்ணை எழுதிக் கையெழுத்திட வேண்டும். இட்டால் அவருக்கு எல்லாம் கிடைக்கும், என் வேலை போகும். முதலாளி அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். வருடப் பிறப்புக்குக் கேக் கொண்டுவந்து கொடுக்கும்போதும் அதே சிரிப்புத்தான் சிரிப்பார்.

அந்த அதிகாரியே படிவத்தோடு எங்கள் ஆபீஸுக்கு வந்தார். நேரில் பார்த்தாலும் உறைந்த ஏரிதான். நான் மூன்று இரவு யோசித்து முடிவு பண்ணியிருந்தேன். "கையெழுத்துப் போட்டுடுங்க அண்ணா. தப்பு என்னுதுதான்."

"நீர் கொஞ்சம் வாயைப் பொத்திக்கொண்டு இரும்" என்றார் துவக்கண்ணை. பிறகு அதிகாரி பக்கம் திரும்பினார். பாதி பிரெஞ்சும் பாதி ஆங்கிலமுமாக அவர் சொன்னது இதுதான்: "இந்தப் பிள்ளை பிழை விடேல்லை. நானும் பிழை விடேல்லை. என்ர தமிழில அது போனது. இவவின்ர தமிழில அது வந்தது. ரெண்டும் தமிழ்தான். பிழை எண்டு எழுதினால் அது பொய். நான் பொய்க்குக் கையெழுத்து வைக்க மாட்டன்."

"அப்படியானால் க்ளெய்ம் இல்லை, மிஸ்யே."

"வேண்டாம்! எழும்பிப் போம்!"

அதிகாரி எழுந்தார். துவக்கண்ணை, "இரும்!" என்று அதட்டினார். உட்கார்ந்தார். படிவத்தைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் துவக்கண்ணை இரண்டு குச்சி மனிதர்களை வரைந்தார். ஒருவன் துவக்கோடு வாசலைத் தாண்டி ஓடுகிறான். இன்னொருவன் துவக்கைத் தரையில் வைக்கிறான். இரண்டுக்கும் கீழே ஒரே சொல்லை எழுதி, அதிகாரியை வாய்விட்டுச் சொல்ல வைத்தார். "போட்-டான்." "திரும்பச் சொல்லும்." "போட்டான்." ஒன்றுக்கு யாழ்ப்பாணம், ஒன்றுக்கு மெட்ராஸ் என்று விரலால் குத்திக் காட்டினார்.

அதிகாரி படத்தையே பார்த்தார். காது மடல் சிவந்தது. பிறகு அந்த மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பாரிஸுக்குப் போயிருந்தபோது ஒரு விருந்தில் அறிமுகமான ஒரு பெண்மணி, உங்கள் 'கோஸ்' எப்படி இருக்கிறார்கள், வளர்ந்துவிட்டார்களா என்று அன்போடு விசாரித்தாராம். பாரிஸில் அந்தச் சொல்லுக்குப் பிள்ளைகள் என்று அர்த்தம். கெபெக்கில் அது ஆண்களிடம் மட்டும் ஜோடியாக இருக்கிற ஒன்றைக் குறிக்கும். இவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போனவர், விருந்து முடியும்வரை வெளியே வரவில்லையாம்.

"உம்மட பிரெஞ்சு பிழையோ? அவவின்ர பிரெஞ்சு பிழையோ?" என்று துவக்கண்ணை கேட்டார்.

"இரண்டும் பிழை இல்லை" என்றார் அதிகாரி. அதையே கோப்பிலும் எழுதினார். அந்தக் குச்சி மனிதர்களையும் சேர்த்து இணைத்து அனுப்பினார். க்ளெய்ம் வந்தது. என் வேலையும் தங்கியது. முதலாளி சிரிக்கவில்லை.

துவக்கண்ணையும் சிரிக்கவில்லை. க்ளெய்ம் காசுக்குக் கையெழுத்துப் போட வந்த அன்று முதல் தடவையாகச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார். "காசு கிடக்கட்டும் தங்கச்சி. நான் ஒரு முயலுக்கும் காட்டாத சாமான். இப்ப எவன்ர கையில நிக்குதோ, ஆருக்கு முன்னால நீட்டுறானோ?" அதற்குப் பிறகு வாரம் தவறாமல் போலீஸ் நிலையத்துக்குப் போய், ஏன் இன்னும் பிடிக்கவில்லை என்று சண்டை போட்டார். இன்றுவரை ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் வீட்டுப் பாலிசியைப் புதுப்பிக்கும் படிவத்தோடு கம்பெனி ஒரு தாளும் சேர்த்து அனுப்பியது. இனி அவருக்கு மொழிபெயர்க்க ஓர் ஈழத்தமிழரை அவர்களே ஏற்பாடு செய்வார்களாம். துவக்கண்ணை அதைக் குறுக்கே அடித்துவிட்டு என் பெயரை எழுதினார்.

"அண்ணா, அவர் உங்க ஊர்க்காரர். நீங்க பேசறது அவருக்கு நல்லாப் புரியும்."

"விளங்காட்டில் என்ன? உம்மோட கத்தினால் நீர் திருப்பிக் கத்துவீர். அவன் 'ஓம், ஐயா' எண்டுவான். அதில எனக்கென்ன சுகம்?"

இப்போது நான் அந்த வேலையில் இல்லை. ஆனாலும் எந்தக் கம்பெனிக் கடிதம் வந்தாலும் எனக்குத்தான் போன் செய்து கத்துவார். நானும் விடாமல் கத்துவேன். மூன்று வாரமாகப் போன் வரவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. நாளைக்கு நேரில் போய், நீங்கள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டு, ஒரு டீயும் வாங்கிக் குடித்துவிட்டு வரப் போகிறேன்.