அழாதவர்களின் கரை

கிளிகள் பேசியதைக் கேட்டு மனிதர்கள் நடந்துகொண்ட நாடு ஒன்று இருந்தது. செம்மூக்கு நாடு என்று பெயர். அங்கே வீட்டுக்கு ஒரு கிளி. வீட்டில் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, மாலையில் சதுக்கத்து அரசமரத்துக்குப் பறந்துபோய் ஊருக்கே உரக்கச் சொல்லும். யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை எல்லாருக்கும் தெரியும். மக்களுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ஒரே குறை, கிளியின் தொண்டையில் மூன்று சொல்லுக்கு மேல் தங்காது. அதிலும் காரமான சொல்லாகப் பார்த்துத்தான் கொத்தும். மிளகாய்ப்பழம் தின்று வளர்கிற பறவை, வேறென்ன செய்யும்?

அந்த நாட்டின் மேடைத் தளபதி மாறவேளை ஒருநாள் எவனோ அம்பெய்து கொன்றுவிட்டான். மேடையில் பேசிக்கொண்டிருந்த மனிதரைக் கொன்றது கொடுமை. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அவருக்கு இளவெயினி என்ற இளம் மனைவியும், ஒரு கைக்குழந்தையும் இருந்தார்கள். அப்படியிருந்தும் சில வீட்டுக் கிளிகள் 'நல்லா வேணும்' என்றன. கேட்கவே கூசியது.

துக்க அமைச்சர் பேரின்பநாதர் உடனே ஆணை பிறப்பித்தார். தகாததைச் சொல்லும் கிளி பறிமுதல். அதை வளர்த்தவருக்கு வேலை கிடையாது. முதலில் 'நல்லா வேணும்' என்றவர்கள் வேலையிழந்து போனார்கள். ஊரும் சரிதான் என்றது. அடுத்து, 'அம்பே இல்லாமல் இருந்திருக்கலாம்' என்று பெருமூச்சு விட்ட வைத்தியர் போனார். ஓடக்காரர் காத்தான் ஒன்றுமே பேசவில்லை. ஆகவே அவருடைய கிளியும் பேசவில்லை. மௌனமும் தகாததே என்று இரண்டாம் ஆணை வந்து அவருடைய வேலையையும் கொண்டுபோனது. காய்ச்சல்காரர்கள் கஷாயமில்லாமல் கிடந்தார்கள். சந்தைக்குப் போகிறவர்கள் ஆற்றை நீந்திக் கடந்தார்கள். "நாடே ஒரே குரலில் அழுகிறது" என்று அமைச்சர் பெருமையோடு அறிவித்தார்.

பிறகு ஆணை மாறவேளின் வீட்டுக்குள்ளேயே நுழைந்தது. இளவெயினிக்குத் தாய்ப்பால் போதவில்லை. செவிலி மருதாயி பாலாடையில் புகட்டினால்தான் குழந்தை குடிக்கும். மருதாயி ஆற்றுக்கு அக்கரையைச் சேர்ந்தவள். அக்கரைக்காரர்களை அடித்து விரட்ட வேண்டும் என்று மேடைதோறும் முழங்கியவர் மாறவேள். இக்கரையில் தான் குடியிருந்த வீட்டில் உட்கார்ந்து மருதாயி சொன்னது இது:

"அவரு பேசுன பேச்ச நெனச்சா எனக்கு அழுகை வரல. அதுக்காக ஒரு மனுசனக் கொல்லலாமா? அந்தப் பிள்ள மொகத்தப் பாத்தா வயிறு எரியுதே!"

கிளி 'எனக்கு அழுகை வரல' என்பதை மட்டும் கொத்திக்கொண்டு பறந்தது.

மருதாயியின் வேலை போயிற்று; அவள் அக்கரைக்கே திரும்பிப் போனாள். புதிதாக வந்த செவிலி அரசு முறைப்படி ஓயாமல் அழுதாள். அவளைப் பார்த்துக் குழந்தை இன்னும் வீறிட்டது. பால் இறங்கவில்லை, காய்ச்சலும் கண்டது. ஆறுதல் சொல்ல வீட்டுக்கு வந்த அமைச்சரிடம் இளவெயினி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஐயா, மருதாயிய வரச் சொல்லுங்க. எம்பிள்ள அவ கையாலதான் குடிக்கும்."

"அம்மணி, தங்கள் கணவருக்காக இயற்றிய ஆணை இது. அதைத் தாங்களே தளர்த்தச் சொல்லலாமா?"

"அவரு போயிட்டாரு. இருக்குறதையாவது நான் காப்பாத்த வேணாமா?"

"மாலையில் அஞ்சலிக் கூட்டம். தங்கள் கண்ணீரை மக்கள் மிகவும் எதிர்பார்க்கிறார்கள்."

"அழுது அழுது வத்திப்போச்சுய்யா. எனக்கு அழுகை வரல."

அவள் வீட்டுக் கிளி சன்னல் வழியே பறந்துவிட்டது.

மறுநாள் பேரின்பநாதர் கனத்த குரலில் அறிவித்தார். "சட்டத்தின் முன் அனைவரும் சமம். திருமதி இளவெயினி, மாறவேளின் விதவை என்னும் பதவியிலிருந்து நீக்கப்படுகிறார். காலியிடம் தகுதியானவரைக் கொண்டு நிரப்பப்படும்." விண்ணப்பங்கள் குவிந்தன.

வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட இளவெயினி, குழந்தையோடு ஆற்றங்கரையில் வந்து நின்றாள். காத்தான் ஓடத்தை அவிழ்த்தார்.

"உங்களுக்கு இதனால தொந்தரவு வராதா?" என்று கேட்டாள்.

"வேலைதான் போயிருச்சே, இனிமே என்னத்தப் புடுங்கப் போறாங்க? ஏறும்மா."

வேலை போன வைத்தியரும் அக்கரையில்தான் குடியிருந்தார். அவர் கொடுத்த கஷாயத்தில் காய்ச்சல் இறங்கியது. மருதாயி குழந்தையை மடியில் போட்டுப் பாலாடையை வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு குழந்தை குடித்தது. அதே நேரம் இக்கரையில் புதிய விதவை பதவியேற்றுக்கொண்டு மிக நன்றாக அழுதார், கூட்டம் கைதட்டியது.

குழந்தை தூங்கிய பிறகு இளவெயினி மெல்லக் கேட்டாள்.

"அவரு மேல உனக்குக் கோவமாக்கா?"

மருதாயி பொய் சொல்லவில்லை. "ஆமா தாயி. இப்பவும் இருக்கு."

"எனக்கும்தான். சீக்கிரம் வந்துர்றேன்னு சொல்லிட்டுத்தானே போனாரு..."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மருதாயி அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டு, தானும் அழுதாள். அந்த அக்கரை வீட்டில் கிளி இல்லாததால், நாட்டில் யாருக்கும் அது தெரியாது.